ஃப்ரீகாலில் விடுதலைப் போர்: அரசரின் கப்பற்படையை எதைக்கொண்டு தடுப்பது?

ஃப்ரீகால் என்பது அமெரிக்கக் கண்டத்தில் காலனிகள் அமைத்து, கடைசியில் அரசரிடமிருந்து விடுதலை பெறும் கணினி விளையாட்டு. சேலத்தில் அதை ஆடுகிறவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. காலனிகள் வளர்ந்துவிட்டன. விடுதலைக்கு ஆதரவு பாதியைத் தாண்டிவிட்டது. மரமும் கருவியும் ஓரளவு கையில் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு பிரிகேட் (frigate என்ற போர்க்கப்பல்) கட்டுவதா, பிரைவேட்டியர் (கொடி காட்டாத சிறிய கொள்ளைக் கப்பல்) சேர்ப்பதா, துறைமுகக் கோட்டையில் பீரங்கி நிரப்புவதா? அல்லது கடலை விட்டுவிட்டு, வேறொரு நாட்டின் உதவி வரும்வரை கரையிலேயே தாக்குப்பிடிப்பதா?

ஃப்ரீகால் இலவச விளையாட்டு. ஜாவா இருந்தால் பழைய மடிக்கணினியிலும் ஓடும். முதல் வெளியீடு 2003இல் வந்தது, 1.0 பதிப்பு 2023இல் வந்தது. 1994இல் மைக்ரோப்ரோஸ் வெளியிட்ட காலனைசேஷனின் விதிகளைத் தழுவி உருவாக்கியது என்பதால் கப்பல்களின் பலமும் கட்டுமானச் செலவும் பெரும்பாலும் பழைய விளையாட்டின் எண்களே. 2008இல் வந்த சிவிலைசேஷன் 4 காலனைசேஷன் வேறு கணக்கில் ஓடுகிறது, அதை ஆடுகிறவர்கள் கீழே உள்ள எண்களை எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பதிப்பிலோ நீங்கள் தேர்ந்த விதித்தொகுப்பிலோ எண்கள் மாறியிருக்கின்றனவா என்பதை விளையாட்டுக்குள் இருக்கும் கலோபீடியாவைத் திறந்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

## கடலில் வெல்வது என்றால் என்ன

பலரும் அரசரின் பெரிய போர்க்கப்பல்களான மேன்-ஓ-வார் எல்லாவற்றையும் மூழ்கடிப்பதுதான் வெற்றி என்று நினைத்துக் கணக்குப் போடுகிறார்கள். அங்கேயே கணக்கு தவறிவிடுகிறது. தோற்ற கப்பல் பெரும்பாலும் மூழ்குவதில்லை. சேதமடைந்து பழுதுபார்க்கத் திரும்பிப் போகிறது. நமக்கு லாபம் வேறிடத்தில் இருக்கிறது: சேதமடைந்த கப்பலில் இருந்த வீரர்களும் சரக்கும் அதோடு போய்விடுகிறார்கள். ஒரு மேன்-ஓ-வார் ஆறு பேரைச் சுமக்கும். நிறைந்து வரும் கப்பல் ஒன்றை ஒருமுறை வென்றால், கரையில் ஆறு தனிச் சண்டை போட்டு வீழ்த்த வேண்டிய படை ஒரே அடியில் இல்லாமல் போகிறது. அதே கப்பல் படையை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வென்றால், அரசரின் அடுத்த பயணம் தாமதமாகும். கிடைப்பது அவ்வளவுதான்.

உண்மை வரலாற்றிலும் இப்படித்தான் நடந்தது. அமெரிக்க விடுதலைப் போரில், 1781 செப்டம்பர் 5 அன்று செசபீக் விரிகுடா முகப்பில், அமெரிக்கர்களுக்குத் துணைநின்ற பிரெஞ்சுக்காரர் 24 போர்க்கப்பல்களோடும் ஆங்கிலேயர் 19 கப்பல்களோடும் மோதினார்கள். அன்று இரு பக்கத்திலும் ஒரு கப்பல்கூடப் பிடிபடவில்லை. ஆனால் யார்க்டவுனில் சிக்கியிருந்த ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிஸுக்குக் கடல்வழி உதவி போய்ச் சேரவில்லை. அக்டோபர் 19 அன்று அவர் சரணடைந்தார்.

ஆகவே நான்கு வழிகளையும் கீழ்க்கண்டவற்றை வைத்து எடைபோடுகிறோம்:

- போருக்கு முன் எவ்வளவு சுத்தியல், எவ்வளவு கருவி செலவாகும்? (சுத்தியல் என்பது தச்சர்கள் மரத்திலிருந்து தரும் கட்டுமானப் புள்ளி.)
- ஒரு மோதலில் வெல்லும் வாய்ப்பு எவ்வளவு, தோற்றால் என்ன போகும்?
- மோதும்போது எதிரிக் கப்பலில் ஆள் இருப்பார்களா?
- பழுதுபார்க்க எங்கே போவது?
- போர் இல்லாத காலத்தில் அதனால் வேறு பயன் உண்டா?

மூன்றாவதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுதான்.

## அடிப்படைக் கணக்கு

கடல் மோதலில் வெல்லும் வாய்ப்பு எளிய வகுத்தல்: தாக்குபவரின் பலத்தை, இருவர் பலத்தின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். மேன்-ஓ-வார் 24, பிரிகேட் 16, பிரைவேட்டியர் 8. தரையில் தாக்குபவருக்குக் கிடைக்கும் 50 சதவீதக் கூடுதல் கடலில் கிடையாது. முந்தைய மோதலில் தப்பிய கப்பல் களைத்து பலம் குறைவதும் இல்லை. ஒவ்வொரு மோதலும் புதிய சீட்டுக் குலுக்கல்தான். மோதலுக்கு முன் வரும் பெட்டியில் இரு பக்கத்துப் பலமும் கூட்டல் கழித்தல்களும் தெரியும். அதைப் படிக்காமல் சரி என்று அழுத்திவிடாதீர்கள்.

ஒப்பிட வசதியாக, மூன்று வழிகளுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு சுத்தியலை ஒதுக்கிப் பார்ப்போம்.

| | பிரிகேட் 3 | பிரைவேட்டியர் 6 | ஃபோர்ட் 1 + பீரங்கி 7 |
|---|---|---|---|
| சுத்தியல் | 1,536 | 1,536 | 1,528 |
| கருவி | 600 | 720 | 380 |
| மேன்-ஓ-வாருக்கு எதிரே ஒரு தாக்குதலின் வாய்ப்பு | 40% | 25%, டிரேக் இருந்தால் 33% | 67% |
| ஒரு டர்னில் (ஆட்டச் சுற்றில்) எத்தனை தாக்குதல் | 3 | 6 | அருகே வரும் கப்பல் மீது மட்டும் |
| மூன்று அல்லது ஆறு தாக்குதலில் ஒன்றாவது வெல்ல | 78% | 82%, டிரேக்குடன் 91% | - |
| தோற்றால் | சேதம் அல்லது மூழ்கல் | சேதம் அல்லது மூழ்கல் | இழப்பு இல்லை |
| எதிரிக் கப்பலில் ஆள் இருக்க வாய்ப்பு | அதிகம் | அதிகம் | குறைவு |

டிரேக் என்பவர், நம் காங்கிரசில் (வரலாற்றுத் தலைவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்து பலன் தரும் அவை) சேரக்கூடிய ஒரு தலைவர். ஃபோர்ட் கணக்கில் ஸ்டாகேடுக்கான (ஃபோர்ட்டுக்கு முன் கட்டும் வேலி) 64, ஃபோர்ட்டுக்கான 120 சுத்தியலும் 100 கருவியும், பீரங்கி ஒன்றுக்கு 192 சுத்தியலும் 40 கருவியும் சேர்ந்திருக்கின்றன. ஸ்டாகேட் ஏற்கெனவே இருந்தால் செலவு இன்னும் குறையும்.

இந்த 1,500 சுத்தியல் எவ்வளவு காலத்து உழைப்பு? மர ஆலையில் மூன்று தேர்ந்த தச்சர்கள் டர்னுக்கு 36 தருவார்கள். அதே அளவு மரமும் தடையின்றி வந்தால் ஒரே காலனியில் சுமார் 43 டர்ன். 1600க்குப் பிறகு ஆண்டுக்கு இரண்டு டர்ன் என்பதால் இது 21 ஆண்டு. அந்த 21 ஆண்டும் அரசர் சும்மா இருக்க மாட்டார், தன் படையைக் கூட்டிக்கொண்டே போவார். வேலையை மூன்று காலனிகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் 15 டர்னுக்குள் முடியும். எந்த வழியை எடுத்தாலும் இந்தப் பிரிப்பைச் செய்யாதவர்கள் தேவையைவிடப் பெரிய படையோடு மோத நேர்கிறது.

## பிரிகேட்

ஒரு பிரிகேட்டுக்கு 512 சுத்தியலும் 200 கருவியும் வேண்டும். ஐரோப்பாவில் வாங்கினால் 5,000 தங்கம். நாமாகக் கட்டக்கூடிய போர்க்கப்பலில் பெரியது இதுதான் என்பதால் பலரும் யோசிக்காமல் இதில் இறங்குகிறார்கள். வெளியே தெரியாத செலவுகள் மூன்று உண்டு.

முதலாவது, கிடங்கு. கிடங்கு கட்டாத காலனி ஒரு பொருளை 100 வரைதான் வைத்துக்கொள்ளும். 200 கருவி சேர வேண்டுமென்றால் அந்தத் துறைமுகத்தில் 80 சுத்தியலில் கிடங்கு முதலில் எழ வேண்டும். இதை மறந்தவர்களின் ஊரில் சுத்தியல் 512ஐத் தாண்டி நிற்கும், கப்பல் வராது, அதிகமான கருவி டர்ன்தோறும் வீணாகும்.

இரண்டாவது, ஷிப்யார்ட், அதாவது கப்பல் கட்டும் தளம். அதற்கு முந்தைய கட்டங்கள் டாக்கும், பழுதுபார்க்கும் டிரைடாக்கும். டாக் 52 சுத்தியல், டிரைடாக் 80 சுத்தியலும் 50 கருவியும், ஷிப்யார்ட் 240 சுத்தியலும் 100 கருவியும் கேட்கும். ஷிப்யார்ட் வைக்க எட்டுப் பேர் வாழும் காலனி வேண்டும். கப்பல் கட்டும் வழக்கமே இல்லாத ஆட்டத்தில் இதை மொத்தச் செலவோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, சரக்கு. கப்பலில் சரக்கு இருக்கும் ஒவ்வோர் அறைக்கும் பலம் 12.5 சதவீதம் குறையும். நான்கு அறையும் நிறைந்த பிரிகேட் 16க்குப் பதில் 8 பலத்தோடு மோதும். வாய்ப்பு 40இலிருந்து 25 சதவீதத்துக்கு இறங்கிவிடும். சர்க்கரை ஏற்றிய பிரிகேட்டைச் சண்டைக்கு அனுப்புவது பிரைவேட்டியரை அனுப்புவதற்குச் சமம்.

இவ்வளவுக்கும் கிடைப்பது என்ன? மேன்-ஓ-வார் நம்மைத் தாக்கும்போது பிரிகேட் 40 சதவீதம் தாக்குப்பிடிக்கும், பிரைவேட்டியர் 25தான். ஒரே இடத்தில் பல டர்ன் நின்று காவல் காக்க வேண்டிய நிலையில் இந்த வேறுபாடு பெரியது. கடல் தாண்டிப் பீரங்கியும் வீரர்களும் மாற்றவும் நான்கு அறை உதவும். தீவுகளில் சிதறிய காலனிகள் உள்ளவர்களுக்கும், டர்னுக்கு ஆறேழு கப்பலை நகர்த்தப் பொறுமை இல்லாதவர்களுக்கும் பிரிகேட் ஏற்றது. ஜான் பால் ஜோன்ஸ் காங்கிரசில் சேர்ந்தால் ஒரு பிரிகேட் இலவசம். ஆனால் அதே இராணுவப் பிரிவில் வாஷிங்டனும் பால் ரெவியரும் காத்திருக்கிறார்கள். தரைச் சண்டையில் வென்ற வீரர்களைப் பதவி உயர்த்தும் வாஷிங்டனைத் தள்ளிவைத்து ஒரு கப்பலுக்காக ஜோன்ஸை முதலில் எடுப்பது நல்ல பேரம் ஆகாது.

## பிரைவேட்டியர்

256 சுத்தியல், 120 கருவி. வாங்கினால் 2,000 தங்கம். எட்டு நகர்வு என்பதால் அரசரின் ஆறு நகர்வுக் கப்பல்களை நாம் நினைத்த இடத்தில் எட்டிப் பிடிக்கலாம், தேவைப்பட்டால் விலகியும் ஓடலாம்.

இதன் 8 பலத்தைப் பார்த்து ஒதுக்கிவிடுகிறவர்களே அதிகம். செலவோடு சேர்த்துப் பார்த்தால் படம் தலைகீழாகிறது. மூன்று பிரிகேட் ஒரு டர்னில் சராசரியாக 1.2 மோதல் வெல்லும். அதே சுத்தியலில் கட்டிய ஆறு பிரைவேட்டியர் 1.5 வெல்லும். பிரான்சிஸ் டிரேக் காங்கிரசில் இருந்தால் பலம் 12 ஆகி, ஆறு கப்பலுக்கு 2 வெற்றி. எதிரிக் கப்பல்கள் ஆறு பேரோடு நிறைந்து வருகின்றன என்று வைத்தால், முதல் டர்னில் பிரிகேட்டுகள் ஏழு பேரையும் டிரேக்கின் பிரைவேட்டியர்கள் பன்னிரண்டு பேரையும் கடலில் நிறுத்திவிடும். தங்கத்துக்கு வாங்கினால் இடைவெளி இன்னும் பெரிது, ஒரு பிரிகேட் விலைக்கு இரண்டரை பிரைவேட்டியர் கிடைக்கும். கருவிக் கணக்கில் மட்டும் இரண்டும் ஏறத்தாழ சமம். அதனால் இரும்புத் தாது குறைவான வரைபடத்தில் இந்த மேன்மை காணாமல் போகும்.

போர் இல்லாத ஆண்டுகளில் பிரைவேட்டியர் தன் செலவைத் தானே மீட்டும் கொடுக்கும். கொடி காட்டாமல் மற்ற நாட்டு வணிகக் கப்பல்களைக் கொள்ளையிடலாம், அதற்காக யாரும் போர் அறிவிப்பதில்லை. பிரிகேட்டுக்கு அந்த வசதி இல்லை.

குறை என்ன? இது ஒருமுறை வீசும் கல். ஆறில் நான்கு முதல் டர்னிலேயே தோற்று டிரைடாக்கில் போய் விழும், பல டர்ன் வெளியே வராது. அடுத்த அலை வரும்போது கையில் இரண்டுதான் இருக்கும். டிரைடாக் இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசம், அதைக் கீழே தனியாகச் சொல்கிறோம். அரசரின் படையில் பெரும்பகுதி முதல் வருகையிலேயே ஏறி வருமா, அல்லது கப்பல் போதாமல் இரண்டு மூன்று நடையாக வருமா என்பதைப் பொறுத்தே பிரைவேட்டியரின் மதிப்பு. கடற்படை அறிக்கையிலும் இராணுவ அறிக்கையிலும் அரசரின் எண்ணிக்கை தெரியும். மேன்-ஓ-வார் எண்ணிக்கையை ஆறால் பெருக்கி வீரர் தொகையோடு ஒப்பிடுங்கள். இடம் போதுமானதாக இருந்தால் முதல் அடி முக்கியம், பிரைவேட்டியர் சரி. இடம் கணிசமாகக் குறைந்தால் போர் நீளும், அப்போது பிரைவேட்டியரை மட்டும் நம்பக் கூடாது.

## கோட்டைப் பீரங்கி

கடற்போருக்குக் கரையில் செலவழிக்கச் சொல்வது விநோதமாகத் தோன்றலாம். ஆனால் மேன்-ஓ-வாருக்கு எதிராக நமக்கு 50 சதவீதத்துக்கு மேல் வாய்ப்புத் தரும் ஒரே சொந்த ஏற்பாடு இதுதான்.

ஃபோர்ட் அல்லது ஃபோர்ட்ரஸ் உள்ள கடற்கரைக் காலனி, அடுத்த கட்டத்தில் நிற்கும் எதிரிக் கப்பலைத் தானாகவே சுடும். ஸ்டாகேடுக்கு அந்தத் திறமை இல்லை. கட்டடம் மட்டும் இருந்தாலும் போதாது. சுடும் பலம் உள்ளே இருக்கும் பீரங்கிகளின் தாக்கும் பலத்தைக் கூட்டித்தான் வருகிறது. ஃபோர்ட் கட்டிவிட்டுப் பீரங்கி வைக்காமல், "ஏன் சுடமாட்டேன் என்கிறது" என்று கேட்பவர்கள் நிறைய. பீரங்கி ஒன்றுக்கு 7. கூட்டுத்தொகைக்கு உச்சவரம்பு 48.

- 1 பீரங்கி: 23%
- 3 பீரங்கி: 47%
- 5 பீரங்கி: 59%
- 7 பீரங்கி: 67%

எட்டாவது பீரங்கி கடல் நோக்கிச் சுட எதையும் கூட்டாது. தரைப் பாதுகாப்புக்கு உதவும், அவ்வளவே. சேதமடைந்த பீரங்கிக்கு 5தான் கணக்கு. அதனால் ஒரு தரைத் தாக்குதலைச் சமாளித்த பிறகு கோட்டையின் கடல் பலமும் குறைந்திருக்கும்.

குறி தவறினால் நமக்கு எந்த நஷ்டமும் இல்லை. கப்பல் தப்பிப் போகும், அவ்வளவுதான். தினமும் இலவசமாகக் கிடைக்கும் குலுக்கல் இது. பீரங்கியை ஐரோப்பாவில் வாங்கினால் முதல் ஒன்று 500 தங்கம், ஒவ்வொன்றுக்கும் 100 கூடும். ஏழு வாங்க 5,600. ஒரு பிரிகேட்டின் விலையைவிடச் சற்றுத்தான் அதிகம்.

இப்போது மறைந்திருக்கும் குறை. கோட்டை சுடும் நேரத்துக்குள் எதிரிக் கப்பல் வந்து, படையை அருகில் இறக்கி முடித்திருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் ஆகிறது. அடிபடுவது காலியான கப்பல். கடலில் பிடித்தால் ஆறு பேர் போவார்கள், துறைமுகத்து வாயிலில் பிடித்தால் கப்பல் மட்டும் போகும். 67 சதவீதம் என்ற எண்ணைப் பார்த்து இதையே முழு விடையாக எடுத்துக்கொண்டவர்கள், கப்பல்களை வரிசையாக அடித்துவிட்டு, கரையில் இறங்கிய முழுப் படையோடு மல்லுக்கட்ட நேர்கிறது.

ஆனால் அந்த மல்லுக்கட்டுக்கும் இதே பீரங்கிகள்தான் கை கொடுக்கும். கட்டாந்தரையில் நிற்கும் அரசரின் பீரங்கிக்கு 75 சதவீதப் பலக் குறைவு உண்டு. அவர்கள் இறங்கிய அடுத்த டர்னிலேயே நாம் வெளியே போய் அடிக்கலாம். உள்ளே நமக்குச் சுவரின் பாதுகாப்பு இருக்கிறது. கப்பல் கட்டும் வழியில் செலவான சுத்தியல், கடலில் தோற்றால் கரைக்கு ஒன்றும் விட்டுவைப்பதில்லை. பீரங்கிச் செலவு இரண்டு இடத்திலும் வேலை செய்கிறது. இந்தக் காரணத்துக்காகவே, எதைத் தேர்ந்தாலும் முக்கியத் துறைமுகம் ஒன்றில் ஃபோர்ட்டும் மூன்று பீரங்கியுமாவது முதலில் வையுங்கள் என்கிறோம்.

## அயல்நாட்டு உதவி

விடுதலை அறிவித்த பிறகு காலனிகளில் உற்பத்தியாகும் விடுதலை மணிகள் (விடுதலை ஆதரவைக் கூட்டும் புள்ளிகள்) சேர்ந்துகொண்டே வரும். ஆயிரக்கணக்கில் சேர்ந்ததும் வேறொரு ஐரோப்பிய நாடு நமக்காகப் படையும் மேன்-ஓ-வாரும் அனுப்பும். சமபலக் கப்பல் என்பதால் வாய்ப்பு சரிபாதி. கட்டுமானச் செலவும் இல்லை.

செலவு ஆளில் இருக்கிறது. மணி அடிக்கும் அரசியல்வாதிகள் தச்சர் வேலையோ துப்பாக்கி உற்பத்தியோ செய்ய முடியாது. டர்னுக்கு ஐம்பது மணி வரும் நாட்டுக்கு உதவி வரும்போது போர் பெரும்பாலும் முடிந்திருக்கும், வென்றோ தோற்றோ. அச்சுக்கூடமும் பத்திரிகையும் கட்டி, ஜெஃபர்சனையும் சேர்த்து, பல காலனிகளில் மணி உற்பத்தி ஓங்கியிருக்கும் ஆட்டத்தில் மட்டும் இதைத் திட்டத்தில் எழுதலாம். மற்றவர்கள் வந்தால் வரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலுக்கு அருகே இல்லாத உள்நாட்டுக் காலனிகளில் மணி உற்பத்தியை வைப்பது நல்லது. முதல் தாக்குதல் அங்கே எட்டாது.

## டிரைடாக்: எல்லா வழிக்கும் பொதுவான பொறி

விடுதலை அறிவித்த கணம் ஐரோப்பியத் துறைமுகம் நமக்கு மூடப்படும். அதுவரை சேதமான கப்பல் அங்கே போய்ச் சரியாகிவந்தது. இனி டிரைடாக் உள்ள நம் சொந்தக் காலனிதான் கதி. அப்படி ஒன்றுகூட இல்லையென்றால், சேதமடைய வேண்டிய கப்பல் நேரே மூழ்கிவிடும். "என் பிரிகேட் எல்லாம் ஒரே சண்டையில் போய்விடுகிறதே" என்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

டிரைடாக் ஒன்று போதாது. அது இருக்கும் ஊர் விழுந்தால் உள்ளே பழுதுபார்த்துக்கொண்டிருக்கும் கப்பல்களும் சேர்ந்து போகும். 80 சுத்தியல், 50 கருவிதான். தள்ளித் தள்ளி இரண்டு ஊரில் வையுங்கள், அவற்றில் ஒன்றாவது ஃபோர்ட் உள்ள ஊராக இருக்கட்டும்.

நம் கடற்கரையிலேயே இதற்குச் சான்று உண்டு. சேலம் மைசூர் ஆட்சியில் இருந்த 1782, 1783 ஆண்டுகளில், அமெரிக்க விடுதலைப் போரின் நீட்சியாக, சஃப்ரன் தலைமையிலான பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூஸ் தலைமையிலான ஆங்கிலக் கப்பல்களும் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திரிகோணமலை, கடலூர் உள்ளிட்ட இடங்களில் ஐந்து முறை மோதின. சஃப்ரனுக்குப் பெரிய தலைவலி, கப்பலைச் சரிசெய்ய இந்தப் பக்கம் சொந்தத் துறைமுகம் இல்லாததே. 1782 ஆகஸ்ட் முடிவில் திரிகோணமலையைப் பிடித்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது. 1783 ஜூன் 20 அன்று கடலூருக்கு அப்பால் நடந்த கடைசி மோதலில் அவரிடம் 15 கப்பல், ஹியூஸிடம் 18. எதுவும் மூழ்கவில்லை. ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார், கடலூர் முற்றுகைக்குக் கடல்பக்கத் துணை இல்லாமல் போயிற்று.

## எந்த வரைபடத்துக்கு எது

முதலில் பார்க்க வேண்டியது, ஆழ்கடல் எல்லையிலிருந்து உங்கள் துறைமுகம் எத்தனை கட்டம். மேன்-ஓ-வாருக்கு ஆறு நகர்வு. கரை ஆறு கட்டத்துக்குள் இருந்தால் அவர்கள் தோன்றிய டர்னிலேயே இறங்க முடியும், நம் கப்பல்கள் நிறைந்த கப்பலைக் கண்ணால் பார்க்கவே வாய்ப்பில்லை. அங்கே பிரிகேட்டும் பிரைவேட்டியரும் காலிக் கப்பலைத்தான் துரத்தும். முழுச் செலவையும் கோட்டைக்கே கொடுங்கள்.

பத்துப் பன்னிரண்டு கட்டம் இருந்தால் நிலைமை வேறு. நடுவில் ஓர் இரவு அவர்கள் கடலில் தங்கியே ஆக வேண்டும். அந்த ஒரு டர்ன்தான் பிரைவேட்டியர் கூட்டத்துக்கு அறுவடை. கப்பல்களை ஆழ்கடல் எல்லையில் நிறுத்த வேண்டாம், முதலில் அவர்கள் தாக்குவார்கள். துறைமுகத்திலேயே வைத்து, எட்டு நகர்வைப் பயன்படுத்திப் போய் அடியுங்கள். மகெல்லன் காங்கிரசில் இருந்தால் இன்னும் ஒரு நகர்வு கூடும்.

விரிகுடாவுக்குள் ஒரே வாயிலில் நுழைய வேண்டிய துறைமுகமா? அந்த வாயிலுக்கு அடுத்த கட்டத்தில் ஃபோர்ட் உள்ள காலனி ஒன்று இருந்தால் வேறெதுவும் வேண்டாம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஏற்காட்டுக்கு அடிவாரம் வழியாக இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதும் உண்டு, குப்பனூர் வழியாகப் போவதும் உண்டு. ஒன்றில் தடுப்பு வைத்தால் மற்றதில் வண்டி வரும். அரசரின் படையும் அப்படித்தான். வலுவான துறைமுகத்தை விட்டு, காவல் இல்லாத அடுத்த கடற்கரைக் காலனியில் இறங்கும். காவல் வைக்க முடியாத சின்னக் கடற்கரைக் காலனிகளை என்ன செய்வது என்று அறிவிப்புக்கு முன்பே முடிவெடுங்கள். ஆட்களையும் துப்பாக்கிகளையும் உள்நாட்டு ஊருக்கு மாற்றிவிட்டு, விழுந்தாலும் கவலை இல்லாத நிலையில் வைப்பது பலநேரம் சரியான விடை.

நடுத்தரக் கடினத்தில், கரை எட்டுப் பத்துக் கட்டத்தில் உள்ள வழக்கமான ஆட்டத்துக்கு எங்கள் தேர்வு இது: ஃபோர்ட்டும் ஐந்து பீரங்கியும் ஒரு துறைமுகத்தில், ஃபோர்ட்டும் மூன்று பீரங்கியும் இன்னொன்றில், இரண்டிலும் டிரைடாக், நான்கு பிரைவேட்டியர், காங்கிரசில் டிரேக். பிரிகேட் ஜோன்ஸ் தந்தாலோ, உங்கள் கப்பல்களைக் கொள்ளையர் தாக்கியதற்காக அரசரே கொடுத்தாலோ வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகத் தனியாக 512 சுத்தியல் ஒதுக்குவது கடைசியில் வர வேண்டிய செலவு.

## அறிவிப்பதற்கு முந்தைய டர்ன்களில்

ஐரோப்பாவிலும் ஆழ்கடல் பயணத்திலும் உள்ள எல்லாக் கப்பலையும் வீரரையும் திரும்ப அழைத்துவிடுங்கள். அறிவித்த கணம் அங்கிருப்பவை அரசரால் பறிக்கப்படும். பீரங்கி வாங்கிய காலியன் (பெரிய சரக்குக் கப்பல்) நடுக்கடலில் இருக்கும்போது பொத்தானை அழுத்துவது அடிக்கடி நடக்கும் தவறு.

எல்லாப் போர்க்கப்பலிலும் சரக்கை இறக்குங்கள். மீதித் தங்கத்தைக் கருவிக்கும் பீரங்கிக்கும் மாற்றுங்கள். சுங்கச்சாவடி இல்லாத துறைமுகத்தில் அறிவிப்புக்குப் பின் விற்பனை நின்றுபோகும் என்பதால், 160 சுத்தியலும் 50 கருவியும் செலவழித்து ஒன்றாவது கட்டிவைக்கலாம். அதற்கு ஸ்டைவசன்ட் காங்கிரசில் இருக்க வேண்டும்.

1800க்குள் அறிவித்துவிட வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும். தயாரிப்பை 1790 வரை இழுத்தால் இருபது டர்ன்தான் மிச்சம்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. தானியங்கிச் சேமிப்பை ஒவ்வொரு டர்னுக்கும் என்று மாற்றி, அறிவிப்புக்கு முந்தைய நிலையைத் தனிப் பெயரில் ஒரு கோப்பாகவும் வையுங்கள். போர் டர்ன் ஒவ்வொன்றும் அரைமணி வரை நீளும். ஏற்காட்டில் மழைக்காற்றில் மின்சாரம் போகும் மாலைகளில், பேட்டரி போன மடிக்கணினியில் ஆடுகிறவர்களுக்கு அந்த ஒரு கோப்பு மொத்த மாலையையும் மிச்சப்படுத்தும்.